ஒரு தொழில், பல படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோல் தொழில்நுட்பம் படிக்கிறேன். மருத்துவம், வேதியியல், இயந்திரவியல் என்று எதைப் பார்த்தாலும் படிக்கத் தோன்றுகிறது. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று அப்பா கண்டிக்கிறார். அவர் சொல்வது சரியா?
– மாணவர், ஆம்பூர்

பதில்: எந்த மரத்திலும் கோடாரியை வைக்காமல் தோப்பைச் சுற்றிவருகிறவருக்கு அப்பா சொல்வது பொருந்தும். ஒரு மரத்தை வெட்டத் தெரிந்தவர் அடுத்ததைப் பார்ப்பது வேறு விஷயம். இதற்கு வேலூரிலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். தச்சும் கொத்தும் பழகிய கை அவருடையது. 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். 1948-ல், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் நாணை நீட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைப்பது அவர் வகுத்த முறைகளில் ஒன்று. நாண் அதிகம் இறுகினால் விரல் விறைத்து நிற்கும். தளர்ந்தால் பழையபடி மடங்கும். இழுவிசையையும் நெம்புகோலையும் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

பாதத்தின் கதை உங்கள் படிப்புக்கு இன்னும் நெருக்கமானது. தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். வலி தெரியாததால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாகிறது என்பதை பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ எடை 10 சதுர செ.மீ. இடத்தில் விழுந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 6 கிலோ. அதே எடை 100 சதுர செ.மீ.யில் பரவினால் 0.6 கிலோதான். இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு. உள்ளே, கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 15 மட்டுமே காட்டும் மெத்தென்ற ரப்பர், வெளியே முள்ளும் கண்ணாடியும் துளைக்காத கெட்டியான அடி. ஆணி அடிக்கவே கூடாது. ஆணி மேலே கிளம்பினால் உணர்ச்சியற்ற பாதத்துக்குத் தெரியாது. குதிகால் வார் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் செருப்பு கழன்றது கூட அணிந்தவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கும் இன்று இதே செருப்பைத் தருகிறார்கள். மருத்துவர், ரப்பர் தெரிந்தவர், செருப்புத் தைப்பவர் மூவரின் அறிவும் அதில் இருக்கிறது.

உங்களுக்கு நான் முதலில் சொல்லும் பக்கத்துத் துறை, எண்ணெய்களின் வேதியியல். குரோம் பதனிட்ட தோலில் இருப்பது மூன்றிணைதிறன் குரோமியம். மென்மைக்காக மீன் எண்ணெய் கலந்த கொழுப்புக் கரைசலைக் கொடுக்கிறோம். அதிலுள்ள நிறைவுறாத கொழுப்பு, வெயிலிலும் சூட்டிலும் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும்போது குரோமியத்தை உடலுக்குக் கேடான ஆறிணைதிறன் வடிவத்துக்கு மாற்றிவிடும். ஐரோப்பாவில் 2015 முதல் தோல் பொருளில் அதன் வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். பதனிடும் இடத்தில் சோதனையில் தேறிய தோல், சூடான கிடங்கிலோ கன்டெய்னரிலோ கிடந்தபின் தேறாமல் போவது இதனால்தான். நடுநிலையாக்கும் கட்டத்தில் காரத்தன்மை ஏறினாலும் ஆபத்து கூடும். மறுபதனிடலில் இரண்டு மூன்று சதவீதம் தாவரத் துவர்ப்புப் பொருள் சேர்த்தால் மாற்றம் பெரிதும் அடங்கும். பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட வட ஆற்காட்டின் பழைய கைப்பக்குவம், குரோம் காலத்துச் சிக்கலுக்கும் உதவுகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தாவது வரைதான் படித்தேன். சொட்டுநீர்க் குழாயின் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்கின்றன. விவசாயிக்கு வேதியியல் படிப்பு எதற்கு என்று கேட்கிறார்கள்.
– விவசாயி, அணைக்கட்டு

பதில்: அந்தக் குழாய்க்காகவே படிக்கலாம், ஐயா. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், வெயிலில் குழாய் சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. ஒரு துளி அமிலம் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. வழுவழுப்பாக இருந்து, நுரைக்காவிட்டால் பாசி அல்லது பாக்டீரியாக் கசடு. அதற்கு அமிலம் உதவாது, குளோரின்தான் மருந்து.

சுண்ணாம்புக்கு வழி: 10 லிட்டர் கிணற்று நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மில்லி மில்லியாக விட்டு, பி.ஹெச். தாள் 4 காட்டும்போது நிறுத்துங்கள். எத்தனை மில்லி ஆனது என்று குறித்துக்கொண்டு, உங்கள் குழாயில் ஓடும் நீரின் அளவுக்குப் பெருக்குங்கள். கடைசிச் சொட்டுவானிலும் தாள் 4 காட்டும்வரை செலுத்தி, மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் குழாய் முனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் போடவே கூடாது. வெளிவரும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும். அடைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கால்சியம் நைட்ரேட்டை பாஸ்பேட் உரத்துடனோ சல்பேட் உரத்துடனோ ஒரே தொட்டியில் கரைத்தால், கரையாத உப்பு உருவாகித் துளையை அடைக்கும். இரண்டையும் வேறு வேறு நாளில் விடுங்கள்.

கேள்வி: காவலூர் வானாய்வகம் வானியல் படித்தவர்களுக்கு மட்டும்தானா?
– ஆசிரியை, வாணியம்பாடி

பதில்: இல்லை. அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அதன் மேல் பூசிய அலுமினியப் படலம் தூசியாலும் ஈரத்தாலும் மங்கும். ஆடியைக் கழற்றி, பழைய படலத்தைக் கரைத்து, வெற்றிட அறையில் மீண்டும் பூச வேண்டும். கண்ணாடி தேய்ப்பவர், வெற்றிடப் பம்பு தெரிந்தவர், மின்னணுவியலாளர், கணினி நிரலாளர் என்று ஒரு படையே அதற்கு வேண்டும். எந்தப் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை உண்டு என்று வகுப்பில் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: 45 வயதாகிறது. வீட்டு வேலை போக நாளுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். வரலாறு பிடிக்கும். எங்கிருந்து தொடங்குவது?
– இல்லத்தரசி, காட்பாடி

பதில்: அரை மணி நேரம் போதும். பாடத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. ‘1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். புதிய தலைப்பாகையில் தோல் பட்டை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை என்று உடையிலிருந்து தொடங்கும். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் என்று அரசியலுக்கு வரும். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை காலையிலேயே எப்படி வந்து சேர்ந்தது என்றால் வரைபடத்தை எடுக்க வேண்டும். தூரம் சுமார் 25 கி.மீ.தான். பிறகு கோட்டைக்கு நேரில் போய் அகழியின் அகலத்தையும் வாசல் திரும்பும் விதத்தையும் பாருங்கள். புத்தகத்தில் படித்த சண்டை அப்போதுதான் விளங்கும்.

மூன்று மாதம் ஒரே கேள்வி. புரியாத அறிவியல் குறுக்கிட்டால் தமிழ்நாடு அரசின் 11, 12-ம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல் போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாரம் ஒரு நாள் புதிதாக எதையும் படிக்காமல், படித்ததைப் புத்தகம் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடம்தான் மறுவாரப் பாடம். பலர் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல. எல்லாத் துறைக்கும் முன்னுரை மட்டும் படித்து, வீடியோக்களாகச் சேர்த்துவைத்து, எதிலும் முதல் கணக்கையோ முதல் வரைபடத்தையோ கையால் போடாததுதான். அதனால் முதல் வாரத்திலேயே கோட்டையின் வரைபடத்தை உங்கள் கையால் வரைந்துவிடுங்கள்.