ஷாட் பிளாஸ்டிங் மெஷினில் பழைய ஷாட்டை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிது போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் சிறு பட்டறை. பழைய நகரத்தார் வீடுகளின் இரும்புக் கிராதி, கேட் வந்தால் வீல் மெஷினில் (சுழலும் சக்கரம் ஷாட்டை வீசியடிக்கும் மெஷின்) துரு எடுக்கிறோம். எஸ்-230 ஸ்டீல் ஷாட் (பொடி எஃகு உருண்டை, 230 அதன் அளவு எண்). முன்பு பத்து நிமிடத்தில் முடிந்தது இப்போது இருபது ஆகிறது. ஷாட்டை மாற்றலாமா?

மொத்தமாக மாற்ற வேண்டாம். ஓடி ஓடிப் பெரிது, நடுத்தரம், சிறிது எல்லாம் கலந்து நிற்கும் கலவைதான் வேலை செய்கிறது. பெரிய உருண்டை கெட்டித் துருவை உடைக்கும், ஆனால் கிராதியின் பூ வேலைப்பாட்டு இடுக்குகளுக்குள் போகாது. சிறியது அங்கே போகும். புதுச் சரக்கு மட்டும் போட்டால் இடுக்கெல்லாம் கறுப்பாகவே நிற்கும்.

முதலில் வீல் மோட்டாரின் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். வழக்கமான லோடைவிட ஆம்பியர் குறைந்திருந்தால் வீலுக்குப் போகும் ஷாட்டின் வரத்தில்தான் கோளாறு: ஹாப்பர் (ஷாட் நிற்கும் தொட்டி) காலி, அதிலிருந்து ஷாட் இறங்கும் வாயில் அடைப்பு, அல்லது அளவுக்கு மீறிக் கொட்டி வீல் திணறுகிறது. ஆம்பியர் சரியாக இருந்தும் வேலை இழுத்தால், ஒன்று ஷாட் பொடியாகியிருக்கிறது, இல்லையென்றால் கன்ட்ரோல் கேஜ் (ஷாட் பறக்கும் திசையைத் தீர்மானிக்கும், வீலின் நடுவில் உள்ள உறை) நகர்ந்து அடி வேறு இடத்தில் விழுகிறது. விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்கு. அதே வேகத்தில் அடித்தாலும் அடியின் பலமும் எட்டில் ஒரு பங்குதான்.

சோதனைக்குத் தரையில் சிதறியதை அள்ளாதீர்கள். செபரேட்டரில் (காற்றால் தூசியைப் பிரிக்கும் பகுதி) ஷாட் திரைபோல விழும் இடத்தில், அகலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தால் ஷாட்டை இழுத்தபின் மிஞ்சும் மணல், பெயிண்ட் செதில் 1 கிராமைத் தாண்டக் கூடாது. மணல் சுற்றினால் வீலின் பிளேடும், மெஷின் உட்சுவரைக் காக்கும் லைனர் தகடும்தான் முதலில் போகும். பிறகு 0.85, 0.60, 0.50, 0.30 மி.மீ. சல்லடைகளில் சலித்து ஒவ்வொன்றிலும் நிற்பதை எழுதி வையுங்கள். புது எஸ்-230-இல் குறைந்தது 85 சதவீதம் 0.60-க்கு மேலேயே நின்றுவிடும். ஓடும் கலவையில் அதைவிடக் குறையத்தான் செய்யும். ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வாராவாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

0.30-க்குக் கீழே நிறைய விழுந்தால் குற்றவாளி செபரேட்டர். ஷாட் விழும் திரையில் எங்காவது ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும், மற்ற இடத்தில் தூசி ஷாட்டோடு சேர்ந்தே இறங்கும். காற்றின் இழுப்பை ஒரேயடியாகக் கூட்டினால் நல்ல ஷாட்டும் போய்விடும். டஸ்ட் கலெக்டர் (தூசி சேரும் இடம்) தொட்டியில் காந்தத்தை விட்டுப் பாருங்கள்: உருண்டை ஷாட் ஒட்டினால் உங்கள் காசு அங்கே போகிறது.

ஹாப்பரை முக்காலுக்குக் கீழே இறங்க விடாமல் தினமும் கொஞ்சம் சேருங்கள். மாதம் ஒருமுறை நாலு மூட்டை கொட்டினால் கலவை தலைகீழாகிவிடும்.

கேட் கீல்களில் பல வருட கிரீஸ் இருக்கும், அதைத் துடைக்காமல் உள்ளே விடாதீர்கள். ஷாட்டில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பாட்டிலில் பாதி ஷாட், அது மூழ்கத் தண்ணீர், ஒரு நிமிடம் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால், அந்தச் சரக்கை மட்டும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் அடித்த இரும்பில் பெயிண்ட் ஒட்டாமல் கண் கண்ணாக விலகும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குங்கள், நனைந்த கிராதியை உள்ளே விடாதீர்கள்.

பழைய வீட்டு இரும்பில் அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயச் செந்தூரம். பிளாஸ்ட் செய்தால் ஈயம் தூசியாகி ஷாட்டோடும் கலக்கும். பெயிண்ட் ரிமூவரால் முதலில் உரித்துவிடுங்கள். டஸ்ட் கலெக்டரைக் காலி செய்பவருக்குத் துணி கட்டுவது போதாது, ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். அந்தத் தூசியை ஊருணிக் கரையிலோ பொட்டலிலோ கொட்டாமல், மூடிய டிரம்மில் அபாயக் கழிவாகத் தனியே வையுங்கள்.