வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட ஆப், ஸ்மார்ட் பெட்டி எல்லாம் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் நாம் பதிந்து வைத்ததைத்தான் அது திரும்பச் சொல்லும். நான் இதைப் பயந்து நடுங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா கோத்தகிரிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அவர் போனில் நினைவூட்டும் ஆப் போட்டு, தைராய்டு, பிரஷர் மாத்திரைகளோடு இதையும் 'தினமும்' என்றே பதிந்துவிட்டேன். ஞாயிறு சாப்பிட்டார். திங்களும் சாப்பிட்டார். செவ்வாய் காலை போன் வந்தது: "ஏங்கண்ணு, வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே டாக்டர் சொன்னாரு? இது தினமும் மஞ்ச மாத்திரையக் கேக்குதே?"

தினமும் சாப்பிட்டால் இந்த மருந்து எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். வெள்ளணு குறையும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரும் போகலாம். உலகம் முழுக்க இதே தவறு நடப்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் இதற்கென்றே எச்சரிக்கைகளைக் கொண்டுவந்தது. அன்றே ஓடிப்போய் டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காப்பாற்றியது ஆப் அல்ல, அம்மாவின் சந்தேகம்.

அதனால் முதல் வேலை: பதிந்ததும் டாக்டர் சீட்டையும் போனையும் மருந்துக்கடைக்காரரிடம் காட்டி வரி வரியாக ஒத்துப் பாருங்கள்.

மணி அடிப்பது வேறு, மாத்திரை உள்ளே போவது வேறு. பெட்டி திறந்ததா என்று மட்டும்தான் ஸ்மார்ட் பெட்டிக்கும் தெரியும். காசநோய்க்காக நம் நாட்டில் வந்த 99டாட்ஸ் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. மாத்திரைப் பட்டையைச் சுற்றி ஓர் அட்டை உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உள்ளே மறைந்திருக்கும் போன் எண் தெரியும், அதற்குக் காசில்லாமல் ஒரு கால் போட்டால் போதும், அன்றைய மாத்திரையை எடுத்தது பதிவாகிவிடும். சாதாரண பட்டன் போனே போதுமானது.

மலையில் வேறு சங்கடங்கள். ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். போனுக்குள்ளேயே அடிக்கும் அலாரம் சிக்னல் இல்லாமலும் அடிக்கும், ஆனால் 'சாப்பிட்டாச்சு' என்ற செய்தி எனக்கு வராது. அந்த நாட்களுக்காகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டையிலிருந்து பிரித்துப் பெட்டியில் போட்ட மாத்திரை மூடுபனியில் நமத்துப் போகிறது, அதனால் பட்டையோடு வெட்டித்தான் போடுகிறோம். தைராய்டு மாத்திரைக்கு 5.30-க்கே அலாரம். அந்தக் குளிரில் எழுந்ததும் அம்மாவின் கை டீச்சட்டிக்குத்தான் போகும், மாத்திரைக்குப் பிறகு அரை மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும்.

மஞ்சள் மாத்திரை இப்போது தனி டப்பாவில், 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி. சாப்பிட்டதும் அம்மா காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார். சில ஞாயிறுகளில் அது ராத்திரிதான் வந்து சேரும்.