காசியில் நடக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அக்கா, தை மாதம் ஒரு குழுவோடு நானும் அம்மாவும் கயாவுக்குப் போகிறோம். அப்பாவுக்குப் பிண்டம் போட்டுவிட்டு, காசியில் மூன்று நாள் தங்குவோம். மற்றவர்கள் விசுவநாதர், மாலை ஆரத்தி, பட்டுக்கடை என்று சுற்றுவார்களாம். எங்களுக்கு ஊரை நடந்து பார்க்க ஆசை. இந்தி தெரியாது, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. முடியுமா?
– ஒரு வாசகி, மோல்மீன், பர்மா

பதில்: தாராளமாக முடியும் தங்கச்சி. தசாசுவமேதப் படித்துறையில் மட்டும் தொடங்காதீர்கள். காசிக்கு வருகிற அத்தனை கூட்டமும் அங்கேதான் குவியும். கேதார் காட் பக்கம் அறை எடுங்கள் (காட் என்றால் படித்துறை). நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம் அது. தமிழ் காதில் விழும், இட்லி கிடைக்கும். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அங்கே இருக்கிறது. கேதாரேசுவரர் கோயிலும் அந்த மடத்தின் பொறுப்புதான். ஆற்றுப் பக்கச் சுவரில் சிவப்பு, வெள்ளைப் பட்டை அடித்திருப்பதைப் பார்த்ததுமே நம்மூர்க் கோயில் என்று தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் லிங்கம் வழவழவென்று செதுக்கியது இல்லை. கரடுமுரடான கல், நடுவே ஒரு கோடு. விடியற்காலையில் போங்கள். அம்மா நிதானமாக நின்று கும்பிடலாம், யாரும் பிடித்துத் தள்ளமாட்டார்கள். காசியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் நடை. ஒரு நாள் விடியும் முன்பே ஆட்டோவில் அஸ்ஸி காட் போய், அங்கிருந்து ஆற்றோரமாகவே வடக்கே நடந்து கேதாருக்குத் திரும்புங்கள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், எதிர்க்கரையில் வெறும் மணல். அதனால் மூட்டம் இல்லாத நாளில் சூரியன் நேர் எதிரே எழும்பும். தை மாதக் குளிரும் மூட்டமும் நமக்குப் பழக்கமில்லை. சுவெட்டரும் மஃப்ளரும் கட்டாயம். யாங்கோன் சுவெடகோன் பகோடாவில் அடிப்படியிலிருந்தே வெறுங்காலோடு ஏறுகிறோமே, அந்தப் பழக்கத்தில் இங்கே நடக்காதீர்கள். படிகளில் பாசி வழுக்கும், வழுக்காத செருப்பு வேண்டும்.

வழியில் அனுமான் காட் வரும். படியேறிச் சந்துக்குள் போனால் சிவ மடம். 1898இல் தகப்பனாரை இழந்த பாரதியார் அத்தை வீடு தேடி வந்து, தங்கிப் படித்த இடம். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு வந்தது காசியில்தான். குடும்பம் வாழ்கிற வீடு, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். சற்றுத் தள்ளி ஹரிச்சந்திர காட், சுடுகாடு. போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஓரமாக நடந்துவிடுங்கள். எரிகிற உடல் யாரோ ஒருவரின் அப்பா. அங்கே நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மறுநாள் சந்துகளுக்குள் போங்கள். வழி தப்பினால் பயம் வேண்டாம், "கங்காஜி கிதர்?" (கங்கை எந்தப் பக்கம்?) என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கோதௌலியா பக்கம் நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து விசுவநாதருக்குப் பூசைச் சாமான்கள் "சம்போ, சம்போ" என்ற குரலோடு தினமும் ஊர்வலமாகப் போகும். ஐராவதிக் கழிமுகத்தில் வட்டிக்கடை வைத்திருந்த அதே செட்டிமார்களின் தர்மம் அது. பர்மாவில் பிறந்த நமக்கு அதைப் பார்க்கும்போது ஒரு தனி உரிமை தோன்றும்.

அம்மாவுக்குப் படி ஏறி இறங்குவதுதான் சிரமம். தெற்குப் பகுதியை மட்டும் அவர் நடக்கட்டும். வடக்கே மணிகர்ணிகைப் படித்துறை தாண்டி பஞ்சகங்கா படித்துறை வரை படகில் போங்கள், கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கடைசி நாள் பிற்பகல், புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தாமேக் தூபியைச் சுற்றிவிட்டு, அங்குள்ள பர்மிய விகாரைக்குப் போங்கள். அங்கே உங்கள் பர்மிய மொழியே போதும். ஆட்டோவைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அங்கே வண்டி தேடி அலைய வேண்டாம்.