சிற்றூர்ப் பள்ளியில் அத்லெடிக் டிரெய்னர் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில், ஒரு சிறிய மருத்துவமனையில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். வெளிநாட்டு மருத்துவர் தாய்நாடு திரும்பாமல், மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்றாண்டு வேலை பார்க்க அனுமதிக்கும் ஜே-1 விசா விலக்கில் வந்தவன். மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது உள்ளூர்ப் பள்ளி வாரியத்திலும் உறுப்பினர். எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அத்லெடிக் டிரெய்னர் மே மாதத்தோடு விலகிவிட்டார். ஐந்து ஆண்டுகளில் மூன்றாவது ஆள். ஆண்டுச் சம்பளத்தில் மூவாயிரம் டாலர் கூட்டி விளம்பரம் செய்தும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பிசியோதெரபிஸ்ட் யாரையாவது வரவழைக்கலாமா என்று வாரியத்தில் என்னைக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது நடக்காது. மைதானத்திலேயே காயத்தைப் பரிசோதித்து, முதல் சிகிச்சை தந்து, அந்த மாணவர் மறுபடி எப்போது ஆடலாம் என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்பவர் அத்லெடிக் டிரெய்னர். உங்கள் மாநிலத்தில் அதற்குத் தனி உரிமம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் படிப்பை முடித்து, தேசியச் சான்றிதழ் தேர்விலும் தேற வேண்டும். கனடா, அயர்லாந்து போன்ற ஓரிரு நாடுகளோடு மட்டும் உடன்படிக்கை உண்டு, இந்தியாவோடு இல்லை. கோவையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) முடித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இங்கே வந்து முதுகலை படித்தாக வேண்டும்.

அந்த முதுகலைதான் உங்கள் மூவாயிரம் டாலரை விழுங்கிவிடுகிறது. முன்பு இளங்கலைப் பட்டமே இந்தத் தொழிலுக்குப் போதும். 2022-க்குப் பிறகு இளங்கலைத் திட்டங்களில் புதிய மாணவர்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது. இன்று விண்ணப்பிக்கும் இளைஞர் ஐந்தாறு ஆண்டுப் படிப்போடும் அதற்குரிய கடனோடும் வருகிறார். நாடு முழுவதும் இவர்களுடைய ஆண்டுச் சம்பளத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்) 2023-இல் சுமார் 58,000 டாலர். மருத்துவமனைகள், ராணுவம், தொழிற்சாலைகள் எல்லாம் இவர்களைத் தேடுகின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு டிரெய்னர் சேவையே கிடையாது. சம்பளப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊருக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் தங்கவில்லை. அடுத்த விளம்பரத்துக்கு முன்னால் அந்த மூவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். பள்ளி முதல்வரைப் பேசச் சொல்லாதீர்கள். அவரிடம் உண்மை வராது. எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள், விளையாட்டுப் பயிற்றுநரோடு (கோச்) எப்படி இருந்தது என்ற இரண்டையும் கேட்டால் போதும்.

என்ன சொல்வார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆட்டப் பருவத்து வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊழியர்கள் வருகிறார்களே என்று காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருப்பார்கள். மதியத்துக்கு மேல் கணுக்கால்களுக்கு டேப் சுற்றும் வேலை. பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மூன்று மணிக்கு பஸ். எதிரணியின் ஊர் நூறு மைல் தள்ளி இருப்பது உங்கள் பக்கத்தில் சாதாரணம். ஏழு மணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் ஒரு பையன் தலையில் அடிபட்டு நிலைதடுமாறுகிறான். அவனைப் பரிசோதித்து, பெற்றோரைத் தேடிப் பிடித்துச் சொல்லி, பதிவும் எழுத வேண்டும். வீட்டுக் கதவைத் திறக்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாலிபால் போட்டிகள். இவ்வளவுக்கும் கூடுதல் நேர ஊதியம் பெரும்பாலும் கிடையாது. சான்றிதழ் பெற்ற டிரெய்னரைக் கூட்டாட்சித் தொழிலாளர் விதிகள் மருத்துவர், வழக்கறிஞர் போன்ற உயர்தொழிலர் வரிசையில் வைக்கின்றன. நிலையான சம்பளத்தில் அமர்த்திவிட்டால், வாரம் அறுபது மணி நேரம் உழைத்தாலும் அதே தொகைதான்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நேரத்தை. வேலை மதியம் தொடங்கட்டும். வெள்ளி இரவுக்கு ஈடாகத் திங்கட்கிழமை விடுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எந்தெந்த விளையாட்டின் வெளியூர் ஆட்டங்களுக்கு டிரெய்னர் போக வேண்டியதில்லை என்பதையும் பட்டியலிடுங்கள். அங்கே எதிரணிப் பள்ளியின் டிரெய்னர் இருந்தால் போதும் என்று இரு பள்ளிகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். எல்லா ஆட்டத்துக்கும் டிரெய்னர் வேண்டும் என்று வாரியத்தில் குரல் எழும். எழட்டும். எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் இரண்டு பேருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, சம்பளம் தருபவர் யார் என்பது. இங்கேதான் உங்கள் மருத்துவமனை உதவும். காலையில் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை, மதியத்துக்கு மேல் பள்ளி. மருத்துவமனையே முதலாளி, பள்ளி ஒரு பங்கைச் செலுத்தும். அமெரிக்கச் சிற்றூர்களில் பழகிப்போன ஏற்பாடுதான் இது. காலை வேலைக்கான மணி நேரத்தை மாலை வேலையிலிருந்து குறைக்காவிட்டால் மட்டும் இது இன்னொரு சுமையாகிவிடும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், டிரெய்னரின் சேவைக்குத் தனியாகப் பணம் தராது என்பதால், வருமானக் கணக்குக் காட்டி நிர்வாகத்தை மயக்க முயல வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளுக்கான செலவு என்றே சொல்லுங்கள்.

முதலாளி யார் என்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. விளம்பரங்களில் ஏனோ யாரும் இதை எழுதுவதில்லை. அரசு அமைப்பிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரமாக வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணைகள் கட்டினால், மீதமுள்ள கூட்டாட்சிக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அரசு அமைப்பு), கவுண்டி என்னும் உள்ளாட்சி நடத்தும் மருத்துவமனை இரண்டுமே இதில் அடங்கும். தனியார் பிசியோதெரபி மையம் ஆள் அனுப்பினால், அந்த டிரெய்னர் உங்கள் மைதானத்திலேயே நாள் முழுதும் நின்றாலும் அந்தக் காலம் கணக்கில் வராது. சிற்றூர் மருத்துவர்களுக்கான கூட்டாட்சிக் கடனுதவியிலோ டிரெய்னர்களுக்கு இடமே இல்லை. கடனோடு வருகிறவருக்கு உங்கள் மூவாயிரத்தைவிட இந்தத் தள்ளுபடி பெரிது.

பயிற்றுநர் விஷயம் கொஞ்சம் கசப்பானது. டிரெய்னரின் வேலை மதிப்பீட்டை எழுதுபவர் கால்பந்துப் பயிற்றுநராகவோ அவருடைய நண்பராகவோ இருக்கும் பள்ளிகள் உண்டு. ஒரு பையனை ஆட்டத்திலிருந்து வெளியே உட்கார வைத்ததற்காக முறைப்பு, புறக்கணிப்பு, பெற்றோர்களிடம் பொருமல் எல்லாம் நடக்கும். 2012-இல் நடைமுறைக்கு வந்த நெப்ராஸ்காச் சட்டப்படி, மூளை அதிர்ச்சி ஐயத்தில் வெளியேற்றப்பட்ட மாணவர், டிரெய்னர் போன்ற உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளரும் பெற்றோரும் எழுத்தில் அனுமதித்த பிறகே திரும்ப ஆட முடியும். மற்றக் காயங்களுக்கும் அதே அதிகாரம் டிரெய்னருக்கு உண்டு என்று வாரியம் தீர்மானம் போடட்டும். மதிப்பீட்டை மருத்துவர் எழுதட்டும்; அந்த மருத்துவர் நீங்களாகவே இருக்கலாம். மருத்துவம் பார்ப்பவரைப் பயிற்றுநருக்குக் கீழே வைத்திருக்கும் ஊரில் எந்தச் சம்பளத்துக்கும் ஆள் நிலைக்காது என்பது என் கருத்து.

பக்கத்துப் பள்ளியோடு ஒரே டிரெய்னரைப் பகிர்வதும் நடக்கக்கூடியதே. ஆனால் இரண்டு பள்ளிகளின் ஆட்ட அட்டவணையும் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

ஆள் பிடிக்க ஜூன் மாதம் பிந்திய நேரம். முதுகலை மாணவர்கள் மே மாதம் பட்டம் பெறுவதற்கு முன்பே வேலையை முடிவு செய்துவிடுவார்கள். விளம்பரம் ஜனவரியில் வர வேண்டும். அதைவிட நல்ல வழி, மாணவரையே ஊருக்குள் வரவழைப்பது. இந்த முதுகலைப் படிப்பில் தொடர்ந்து நான்கு வாரமாவது முழுநேரக் களப்பயிற்சி கட்டாயம். மேற்பார்வையாளராக டிரெய்னர்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மருத்துவரும் இருக்கலாம். அதாவது பள்ளியில் டிரெய்னர் இல்லாத இந்த ஆண்டிலும் உங்களிடம் ஒரு மாணவரை அனுப்ப வாய்ப்பு இருக்கிறது. ஒமாஹாவில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அத்லெடிக் டிரெய்னிங் துறையோடு பேசிப் பாருங்கள். ஆசிரியர்களுக்கென்று பள்ளி மாவட்டம் வைத்திருக்கும் வீடு காலியாக இருந்தால் வாடகை இல்லாமல் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் ஏன் அந்த ஊரை விட்டுப் போகவில்லை என்பதை அந்த மாணவரிடம் நீங்களே சொல்வது எந்த விளம்பரத்தையும்விடப் பலிக்கும்.

இந்த ஆகஸ்டுக்குள் யாரும் கிடைக்காவிட்டால், வெள்ளி ஆட்டங்களுக்கு மட்டும் நாள்கூலி அடிப்படையில் ஒருவரை அமர்த்துங்கள். பயிற்சி நாட்களில் எல்லாப் பயிற்றுநருக்கும் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி) தெரிந்திருக்க வேண்டும், டிஃபிபிரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவி) பூட்டிய அறையில் இல்லாமல் மைதானத்தருகே இருக்க வேண்டும். வெப்பத் தாக்கில் விழுந்த பிள்ளையை அரை மணி நேரத்துக்குள் குளிர்விக்க வேண்டும், அதுவும் ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்பே. பண்ணைச் சாமான் கடையில் கிடைக்கும் கால்நடைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், இரண்டு பெட்டி ஐஸ் போதும். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியே உள்ளே வரும், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்பதைப் பயிற்சி தொடங்கும் முதல் நாளுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.