பணத்தால் வந்த பதவி என்று எல்லாரையும் ஒதுக்கிவிட முடியுமா?

தொழிலதிபராக இருந்து தேசிய அவைக்குச் சென்றவர்கள் எல்லாருமே பணத்தால் பதவி பெற்றவர்கள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வேட்பாளர்களின் சொத்துக் கணக்குகளைப் படித்துச் சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் செட்டிநாட்டிலுள்ள கானாடுகாத்தானில் பிறந்தவன். ஆகவே எங்கள் ஊரில் 1881இல் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரை முன்வைத்தே பதில் சொல்கிறேன்.

1906இல் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் முறிந்து சென்னையில் பலருடைய சேமிப்பு அழிந்த மறு ஆண்டே இந்தியன் வங்கி தொடங்கியது. அதை உருவாக்கியவர்களுள் அவரும் அவருடைய தமையனார் ராமசாமிச் செட்டியாரும் உண்டு. பிறகு, 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்ற மைய மேலவையில் அண்ணாமலைச் செட்டியார் இடம்பெற்றார். பெருஞ்சொத்தும் வரி செலுத்தும் தகுதியும் உடையோருக்கே அந்த அவைக்கு வாக்குரிமை இருந்தது. முதல் தேர்தலின்போது நாடு முழுவதிலும் வாக்காளர்கள் சுமார் 17,000 பேர்தான்.

என் பாட்டனார் எங்கள் ஊர்ச் செட்டியார் வீடொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவருக்கு அந்த வாக்கு இல்லை. ஆனால் 1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கேதான் என் பாட்டனாரின் மகன், அதாவது என் தந்தை, விடுதியில் தங்கிப் படித்து எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனார். வாக்களித்துக் கைம்மாறு செய்ய இயலாதவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் படிப்பு கிடைத்தது என்பதே அண்ணாமலைச் செட்டியாரைப் பற்றி நான் பெரிதாகக் கருதுவது.

நான் நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன். அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை. செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்ததை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்றும் சிலர் சொல்லக்கூடும். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. கடனில் நிலம் இழந்த அங்குள்ள உழவர்களின் துயரத்தை நான் மறுக்கவில்லை. அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். காரைக்குடியில் ஒரு திருமண வீட்டில், "எல்லாம் காசு கொடுத்து வாங்கிய பட்டம்" என்று ஒருவர் அடித்துப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் ஊரிலுள்ள அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முட்டை வெண்கருப் பூச்சையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றி விரிவாகச் சொல்கிறார்கள். வங்கியைப் பற்றியோ சிதம்பரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.