பத்து லட்சம் கடன் வாங்கி என்ஜினீயரிங் சேர்க்கலாமா?

கேள்வி: தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். மகள் 12ஆம் வகுப்பு முடித்து சிஇடி (மகாராஷ்டிரா மாநில நுழைவுத் தேர்வு) எழுதியிருக்கிறாள், மார்க் சுமார்தான். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடத்துக்கு 10 லட்சம் கேட்கிறார்கள். "எதுக்கு மாமா கடன்? கடை வேலைக்கு அனுப்புங்க, மாசம் 12,000 வரும்" என்கிறான் மச்சான். என்ன செய்யலாம்?

பதில்: மகளைக் கட்டாயம் படிக்க வையுங்கள். ஆனால் இந்தப் பத்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 2.5 லட்சமாக, 10% வட்டியில் வாங்குகிறீர்கள். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு அடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலும் அது 3.5 லட்சம். ஆக 13.5 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க, மாதம் சுமார் 17,840 ரூபாய் கட்டவேண்டும். முதல் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொண்டால் அவள் கையில் நிற்பது 7,160தான். கடை வேலையில் வருவதைவிட அது குறைவு. நான்கு வருடம் சம்பாதிக்காமல் விட்ட 5.76 லட்சமும் செலவுதான், மச்சான் அந்த அளவில் சொல்வது சரி. ஆனால் கடைச் சம்பளம் பெரிதாக ஏறாது. படித்தவளின் சம்பளம் ஏறும். கடன் சிறியதாக இருந்தால்தான் அந்த ஏற்றம் அவள் கைக்கு வரும்.

அதனால் முதலில் கேப் எனப்படும் மாநில அரசின் பொதுக் கலந்தாய்வில் கிடைக்கிற சீட்டைப் பாருங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் டிஎஃப்டபிள்யூஎஸ் என்ற ட்யூஷன் கட்டண விலக்கு இடங்கள் உண்டு. சாதி பார்ப்பதில்லை, மகாராஷ்டிரா டொமிசைல் (இருப்பிடச் சான்றிதழ்) வேண்டும். கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அதைக் குறிக்காமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். ஓபிசி பெண்களுக்கு 2024 முதல் மாநில அரசு தரும் முழுக் கட்டண விலக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அந்த விலக்குக்குத் தமிழ்நாட்டு சாதிச் சான்றிதழும் இங்கே செல்லாது.

கடனை 4 லட்சத்துக்குள் வையுங்கள். அந்தத் தொகை வரை வங்கி அடமானம் கேட்கக்கூடாது. தாராவி வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பெரிய கடன் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் ஆட்கள் அதிக வட்டிக்காரரிடம்தான் போய் நிற்கிறார்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், நாக் அல்லது என்பிஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்புகளின் அங்கீகாரமுள்ள கல்லூரியில் தொழிற்படிப்புக்கு, தவணை இல்லாத காலத்தின் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அது கிடைத்தால் 4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 5,290. கிடைக்காவிட்டாலும் 7,140தான்.

கேப்பில் நல்ல இடம் வரவில்லையா? பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்து, நேராக என்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போனாலும் செலவு வெகுவாகக் குறையும், நடுவில் வேலைக்கும் போகலாம்.

எந்தக் கல்லூரியானாலும் "அதிகபட்ச சம்பளம்" என்ற போர்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போன வருடம் வகுப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, கடைசிப் பத்துப் பேருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டக் கூடாது. தாசில்தார் ஆபீஸில் வருமானச் சான்றிதழுக்கும் டொமிசைலுக்கும் இந்த வாரமே மனு கொடுத்துவிடுங்கள். இவை இல்லாமல் மேலே சொன்ன எந்தச் சலுகையும் நகராது.