கடும் நோயின் நடுவே பணிச்சோர்வு: மருத்துவ விடுப்பு பற்றிய கேள்வி பதில்

நான் கோவையில் ஒரு நூற்பாலையிலும் பின்னர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலுமாக 26 ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணியின் கடைசி மூன்று ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே வேலைக்குச் சென்றேன். அதனால் விடுப்பு விண்ணப்பத்தை வாங்குகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், கொடுக்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். சென்னையில் மென்பொருள் துறையில் டீம் லீடாக இருக்கிறேன், வயது 38. ஓராண்டாகவே வேலையில் முற்றிலும் களைத்துப்போயிருந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இனி கீமோ தொடங்க வேண்டும். அலுவலகத்தில் புற்றுநோய் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ‘பர்ன்அவுட்’, அதாவது பணிச்சோர்வு, என்று காரணம் காட்டி மூன்று மாத விடுப்பு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்களிடம் இருக்கும் வலுவான காரணத்தை மறைத்துவிட்டு, நிற்காத காரணத்தை முன்னால் வைக்கப் பார்க்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அது நோயாக அல்ல, பணியிடம் சார்ந்த ஒரு நிலையாகவே அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. தீராத களைப்பு, வேலையின் மீது விலகலும் கசப்பும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள் என்று அது சொல்கிறது. இந்த மூன்றும் உங்களிடம் இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சொல்லை மட்டும் எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு மூன்று மாத விடுப்பை அனுமதிக்கும் மனிதவள மேலாளரை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. தவிர, உண்மையான காரணம் பிறகு வெளியே வந்தால், நீங்கள் தவறான தகவல் கொடுத்ததாக ஒரு பேச்சு கிளம்பும். சிகிச்சைக்கு நடுவில் அந்தத் தலைவலி உங்களுக்குத் தேவையில்லை.

புற்றுநோய் என்ற சொல்லை எழுதாமலும் உண்மையை எழுத முடியும். “பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் தொடர் சிகிச்சையில் இருக்கிறார், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிக்கு வர இயலாது” என்று மருத்துவர் எழுதினால் விடுப்புக்கு அது போதும். சான்றிதழின் வாசகத்தைவிட, தாளின் தலைப்பில் இருக்கும் மருத்துவமனைப் பெயரில்தான் கவனம் தேவை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து, நம் ஊரில் ‘அடையாறுக்குப் போகிறார்’ என்றாலே கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. எந்தப் புற்றுநோய் மையத்தின் தாளும் அப்படித்தான். உங்களுக்கு அறுவை செய்தவர் எல்லா நோய்களுக்கும் சிகிச்சை தரும் மருத்துவமனையைச் சேர்ந்தவர் என்றால் அவருடைய தாளில் சான்றிதழ் வாங்குங்கள். அதையும் மேலாளரிடம் கொடுக்காமல் மனிதவளத் துறையில் ஒருவரிடம் மட்டும், ரகசியம் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். நிறுவனக் காப்பீட்டில் செலவைக் கோரும்போது நோயின் பெயர் காப்பீட்டாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை.

நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும், ஓராண்டுப் பணி முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பும் ஊதியத்துடன் தருகிறது. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் உங்கள் நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. பெருங்குடலுக்கான கீமோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில், மூன்று முதல் ஆறு மாதம் வரை நடக்கும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே மூன்று மாதத்தைச் செலவழித்துவிட்டு நான்காம் மாதம் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள். முதல் இரண்டு சுழற்சிகளுக்கு முழு விடுப்பு எடுங்கள். எத்தனையாவது நாளில் உடல் எழுந்து நிற்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். எனக்கு ஐந்தாம் நாள் வரை மோர்கூட இறங்காது, எட்டாம் நாளில் மடிக்கணினியைத் திறக்க முடிந்தது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அது தெரிந்த பிறகு மீதி நாட்களைப் பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 14,500 ரூபாய். மார்பில் கட்டி, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே ஓவர்டைம் பார்த்துப் பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது. நீண்ட விடுப்பு எடுத்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்ற பெயரில் 109 ரூபாய் அளவில் பிடித்திருந்தால், மென்பொருள் துறையில் இருக்கும் மேலே உள்ள தம்பியைவிட விடுப்பு விஷயத்தில் நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள். நான் சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரிடம் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் சேர்த்துக் கட்டுகிற இந்தத் திட்டம், நோயில் படுத்திருக்கும் நாட்களுக்குக் கையில் பணமும் தருகிறது. மருந்து மாத்திரை வாங்கும் இடம் என்று மட்டும் நினைத்துப் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் பலன் உண்டு. அந்த 91 நாள் முடிந்த பின்னும் உங்களுக்கு வழி இருக்கிறது. 34 நெடுங்கால நோய்களுக்கு ‘நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி’ என்று 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை வழங்கப்படுகிறது. புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறு வருடம் ஒரே இடத்தில் இருந்த உங்களுக்கு, கம்பெனி ஒழுங்காகக் கட்டியிருந்தால், அது தடையாக இருக்காது. தோராயமாகச் சொன்னால் முதலில் மாதம் 10,150 ரூபாயும் பிறகு 11,600 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஓவர்டைம் களைப்பு இல்லை. எனவே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டர் முன் உட்காரும்போது “உடம்பு ஓய்ந்துவிட்டது டாக்டர்” என்று தொடங்காமல், பயாப்சி அறிக்கையை முதலில் மேசையில் வையுங்கள். அங்கிருந்தே மேல்மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதமும் விடுப்புச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் சொன்னதற்கு வருகிறேன். கம்பெனிகள் பெயரை எடுக்கப் பெரும்பாலும் பயன்படுத்தும் காரணம் ‘தகவல் இல்லாமல் வரவில்லை’ என்பதுதான். பல ஆலைகளின் நிலையாணைகளில், அதாவது ஆலையின் பணி விதிகளில், அப்படி வராமல் இருப்பதற்கு எட்டு நாள் என்று ஒரு கணக்கு இருக்கும். ஆகவே ஒவ்வொரு சான்றின் நகலையும் அன்றன்றே பதிவுத் தபாலில் கம்பெனி முகவரிக்கு அனுப்பி, ரசீதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். பேச்சாகச் சொன்னதைச் சூப்பர்வைசர் நாளைக்கு மறந்துவிடலாம், தபால் ரசீதை யாரும் மறுக்க முடியாது.

கேள்வி: ஐந்து வருடமாகத் தனியார் வங்கியில் வேலை. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அறிக்கைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் காலையில் குளித்தாலே களைத்துவிடுகிறேன். இது நோயா, வேலைச் சோர்வா, இல்லை வீட்டில் சொல்வதுபோலச் சோம்பலா?

பதில்: சோம்பேறிக்கு இந்தக் கேள்வி தோன்றாது, அதை முதலில் தள்ளிவிடுங்கள். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் தரும் களைப்பு தூங்கி எழுந்தால் தீரக்கூடியது அல்ல. சிகிச்சை முடிந்து பல மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும், நீடிக்கக்கூடும். வேலைச் சோர்வு மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமோ, ஊர்த் திருவிழாவுக்குப் போன நான்கு நாட்களிலோ கொஞ்சமாவது விலகும். பிடித்த ஆட்கள், பிடித்த சாப்பாடு, பேரன் பேத்தி என எதுவுமே ஒட்டாமல் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும், எனக்கு இருந்தது.

நீங்களாகப் பெயர் வைப்பதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பியையே எடுத்தவருக்கு மாத்திரை அளவு சற்றுப் பிசகினாலும் இப்படித்தான் இருக்கும். அதைச் சரிசெய்தாலே பாதி தீர்ந்துவிடக்கூடும். நம்மில் பலர் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, களைப்பைச் சொன்னால் அவர் நேரத்தை வீணாக்குகிறோம் என்று எழுந்து வந்துவிடுகிறோம். களைப்பும் அவர் எழுதிக்கொள்ள வேண்டிய அறிகுறிதான். அவர் கோப்பில் அது எழுதப்பட்டிருந்தால்தான், நாளைக்கு நீங்கள் கேட்கும் விடுப்புக்கு அது ஆதாரமாகும். மனம் மிகவும் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர், 17 ஆண்டுப் பணி. பைபாஸ் அறுவை முடிந்திருக்கிறது. வகுப்பறையை நினைத்தாலே படபடக்கிறது. மருத்துவ விடுப்பு எவ்வளவு எடுக்கலாம், அம்மா?

பதில்: 15 ஆண்டுகளுக்கு மேல் 20 ஆண்டுகளுக்குள் பணி முடித்த தமிழ்நாடு அரசு ஊழியருக்கு, மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு பணிக்காலம் முழுமைக்குமாக 360 நாள். 20 ஆண்டுகளைத் தாண்டினால் அது 540 ஆகும். இதுவரை எடுத்ததைப் பணிப் பதிவேட்டில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். விடுப்பு நீண்டால் மருத்துவக் குழுவின் முன் அனுப்புவார்கள். பைபாஸ் தழும்போடு போகிறவர் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படபடப்பை வகுப்பறை வெறுப்பு என்று நீங்களே முடிவு செய்யாமல் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் தொடங்கியாகிவிட்டது. வேலையும் நோயும் சேர்ந்து என்னை அரைக்கின்றன. பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சரிதானா?

பதில்: இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகம் பழுதான ஒரு மேற்பார்வையாளர், உங்களைப் போலவே, இனி முடியாது என்று என்னிடம் கடிதம் கொடுத்தார். தாள் ஒழுங்காக இருந்ததால் அன்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கடைசிப் பணிநாளோடு, நிறுவனம் எடுத்திருந்த அவருடைய குழு மருத்துவக் காப்பீடும் நின்றுபோனது. மூன்று மாதம் கழித்து அவர் மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, சட்டப்படி என்னால் திருப்பித் தரக்கூடியது எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை ஒரு வாரம் இழுப்பறையில் போட்டுவைத்திருந்தால் அவரே திரும்ப வாங்கியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

உடல் மிகவும் தளர்ந்திருக்கும் வாரத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். சம்பளமில்லா விடுப்பில் இருப்பவரும் பணியாளர்தான். பெரும்பாலான நிறுவனங்களில் அவருடைய காப்பீடு தொடர்கிறது, உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியே போய்ப் புதிதாகத் தனிநபர் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். விலகித்தான் ஆக வேண்டும் என்றால், பணியில் இருக்கும்போதே அதே காப்பீட்டாளரின் தனிநபர் திட்டத்துக்கு மாற விண்ணப்பியுங்கள். பணமுடைதான் காரணம் என்றால் வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய்க்காக முன்பணம் எடுக்க இடமுண்டு, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு ரத்தப் புற்றுநோய். நோயாளி நான் இல்லை, ஆனால் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து நான்தான் ஓய்ந்துபோனேன். எனக்கு விடுப்பு உண்டா?

பதில்: தனியார் துறையில் துணையிருப்பவருக்கென்று தனி நோய் விடுப்பு இல்லை, தற்செயல் விடுப்பும் ஈட்டிய விடுப்பும்தான். ஆனால் தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, மனம் உடைந்திருந்தால் நீங்களும் நோயாளிதான். மகளின் கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு அலையாமல், உங்களுக்கென்று ஒரு சீட்டுப் போட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் சான்று உங்கள் பெயரில் இருக்கும், அந்த 12 நாள் நோய் விடுப்பும் உங்களுடையது.

கேள்வி: கீமோ முடிந்து அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். பழைய வேகத்தில் ஓட முடியாது என்று எப்படிச் சொல்வது?

பதில்: சேர்ந்த பிறகு சொல்லாதீர்கள், உடற்தகுதிச் சான்று வாங்கும்போதே சொல்லுங்கள். ‘பணியில் சேரத் தகுதியானவர்’ என்ற ஒரே வரியோடு வந்தால், மறுநாளே இரவுப் பணி அட்டவணையில் உங்கள் பெயர் ஏறிவிடும். “முதல் ஆறு வாரம் அரை நாள் பணி, இரவுப் பணி கூடாது, கனமான பொருள் தூக்கக் கூடாது” என்று மருத்துவரையே எழுதச் சொல்லுங்கள். அதை இணைத்து மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் உங்களால் முடியாதவற்றை இரண்டு வரியிலும், செய்யக்கூடியவற்றை நான்கு வரியிலும் எழுதுங்கள். நான் சேர்ந்த முதல் வாரம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வைக்க வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டேன், கொடுத்தார்கள்.